மக்கத்துப் படங்களின் முதுகுப்புறம்

எழுபத்தெட்டுச் சூறாவளியைப் பற்றிக் கேட்டால் மருதமுனையில் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். தென்னை முறிந்தது, ஓடு பறந்தது, கடல் தெருவுக்குள் வந்தது. எங்களுக்கும் அதெல்லாம் நடந்ததுதான். கூரையும் போனது, தறிக்கொட்டிலும் போனது, பாவு ஓட்டி வைத்திருந்த நூலெல்லாம் சேற்றில் கிடந்தது. ஆனால் எனக்கு அந்தச் சூறாவளி செய்த வேலை வேறு. எங்கள் உம்மா தொழுகையில் நெற்றி வைத்து ஸஜதா செய்யும் இடத்துக்கு நேர் மேலே தொங்கிய மக்கத்துப் படத்தை அது ஆணியோடு பிடுங்கிக் குப்புறப் போட்டது.

மூன்று நாள் கழித்துத்தான் அதைத் தூக்கினேன். கண்ணாடி நொறுங்கியிருந்தது. பின்பலகை தண்ணீர் குடித்து ஊதி, தானாகவே வாய் பிளந்திருந்தது. ஆணிகளைக் குறட்டால் பிடுங்கிப் பலகையைத் தூக்கினால், உள்ளே மக்கத்துப் படத்துக்கு முட்டுக் கொடுத்தபடி தடித்த தாள் ஒன்று. அதில் ஒரு குளம், குளத்துக்குப் பின்னால் நீல மலை, மலைக்கு மேலே விடியற்கால வானம். இளஞ்சிவப்பில் தொடங்கி, எங்கே என்று தெரியாமல் நீலமாகிவிட்ட வானம்.

உம்மா மக்கத்துப் படம் நனைந்துபோனதைப் பார்த்து அழுதுகொண்டிருந்தா. நான் அதன் முதுகில் இருந்ததைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

அப்போது எனக்கு முப்பத்தொரு வயது. நாலு தறி வைத்து, மூன்று பெண்களைச் சேர்த்துச் சாரன் நெய்துகொண்டிருந்தேன். நெசவுக்காரிக்கு நிறத்தைச் சும்மா பார்க்கத் தெரியாது. இது எப்படி வந்தது, எத்தனை நூல், எந்தச் சாயம் என்றுதான் கண் போகும். ஓர் அங்குலத்தில் எத்தனை இழை என்று எண்ணுவதற்கு என்னிடம் ஒரு சின்னப் பித்தளைக் கண்ணாடி இருந்தது. மடித்தால் தீப்பெட்டியில் பாதி. நெசவு பார்க்க வந்த ஓர் உத்தியோகத்தர் மறந்து வைத்துவிட்டுப் போனது. அவரும் திரும்பிக் கேட்கவில்லை, நானும் ஆளனுப்பித் தேடவில்லை. அந்தக் கண்ணாடியை வானத்தின் மேல் வைத்தேன்.

வானம் இல்லை. புள்ளிகள்தான். சிவப்புப் புள்ளி, நீலப் புள்ளி, அவற்றுக்கு நடுவே மஞ்சள் புள்ளி, எள்ளைக் கொட்டிவிட்ட மாதிரி. பிறகு மக்கத்துப் படத்தின் மேல் கண்ணாடியை வைத்தேன். அதிலும் புள்ளிகள். ஆனால் அவை வரிசை பிசகாமல், பாவு நூல் போல அடுக்காக நின்றன. இது இயந்திரத்தின் வேலை, அது மனிதக் கையின் வேலை என்று அந்த இடத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. யாரும் சொல்லித் தரவில்லை.

அடுத்து நான் செய்ததைக் கேட்டால் படம் சேர்ப்பவர்கள் நெஞ்சில் கைவைத்துக்கொள்வார்கள். சேறு போகட்டும் என்று அந்தத் தாளைக் கிணற்றுத் தண்ணீரில் போட்டு அலசினேன். எங்கள் தொழிலில் முதல் அலசலில்தான் சாயத்தின் லட்சணம் தெரியும். உம்மா அழுகையை நிறுத்திவிட்டு ஏசத் தொடங்கினா. தண்ணீரில் சேறு இறங்கியது. சாயம் ஒரு துளி இறங்கவில்லை. இப்படி ஒரு சாயத்தை என் வாழ்நாளில் நான் கண்டதில்லை.

கல்முனைக் கடைத்தெருவில், கலியாண அழைப்பிதழும் மரண அறிவித்தலும் அடிக்கிற அச்சகம் ஒன்று இருந்தது. அதை நடத்தியவர், நான் அண்ணன் என்று கூப்பிடும் ஒரு கல்முனைத் தமிழர், வாலிபத்தில் கொழும்பில் ஒரு பெரிய அச்சகத்தில் வேலை பார்த்தவர். தாளைக் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் முகர்ந்து பார்த்தார், தடவிப் பார்த்தார், பிறகு இது கல்லச்சு என்றார். போன நூற்றாண்டில் வெள்ளைக்காரர்கள் இப்படித்தான் நிறப்படம் அடித்தார்களாம். ஜேர்மனியில் வெட்டிய சுண்ணாம்புக் கல்லைக் கண்ணாடி போலத் தேய்த்து, அதன் மேல் எண்ணெய்ப் பசையுள்ள மையால் இடம் வலம் மாற்றி வரைவார்கள். கல்லை நனைத்துவிட்டு மை உருட்டினால், ஈரமான இடம் மையைத் தள்ளும், பசையுள்ள இடம் பிடிக்கும். தாளை வைத்து அழுத்தினால் படம். ஒரு நிறத்துக்கு ஒரு கல். முதலில் மங்கல் நிறக் கல், கடைசியில் கறுப்பு. பசை மை என்பதால்தான் நீங்கள் அலசியும் பிழைத்தது என்று தலையில் அடித்துக்கொண்டார்.

எனக்கு அது உடனே பிடிபட்டது. நாங்களும் தறியில் ஒரு நிறத்துக்கு ஒரு நூல் ஓட்டும் நாடா என்று மாற்றி மாற்றித்தானே ஓட்டுகிறோம். எத்தனை கல் என்று கேட்டேன். ஐந்து என்றார். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் கண்ணாடியும் கையுமாகக் குனிந்திருந்தேன். மலையின் ஓரத்தில், தாள் ஒரு மயிரிழை நகர்ந்துவிட்ட இடத்தில், நிறங்கள் ஒன்றை ஒன்று மூடாமல் தனித்தனியாகத் தெரிந்தன. எண்ணினேன். ஒன்பது. திரும்பிப் போய்ச் சொன்னேன். அவர் நம்பவில்லை. என் கண்ணாடியை வாங்கி, கடைக்கு வந்தவர்களைக் காக்க வைத்துவிட்டு எண்ணினார். ஆறு என்றார், ஏழு என்றார், எட்டு வரைக்கும் வந்தார். எட்டுக்கு மேல் அவர் ஏறவில்லை. நானும் ஒன்பதிலிருந்து இறங்கவில்லை. அவர் இருந்த வரைக்கும் எங்களுக்குள் இந்த வழக்குத் தீரவே இல்லை.

உம்மாவின் படத்துக்குச் சட்டம் போட்ட கடையும் அதே தெருவில்தான். சட்டம் போட்டவர் மௌத்தாகி வருடங்கள் ஆகியிருந்தன, மருமகன் கடையைப் பார்த்தார். அவர் சொன்னது இது: நீர்ப்பாசன பங்களாவில் இருந்த வெள்ளைக்கார எஞ்சினியர் ஊருக்குப் போகும்போது அவருடைய சாமான்களை ஏலம் போட்டார்கள். மாமனார் ஒரு தடித்த ஆல்பத்தை எடுத்தார். எஞ்சினியர் தான் சேர்த்த இயற்கைக் காட்சிப் படங்களை அதில் வைத்திருந்தாராம். மாமனாருக்குப் படம் தேவையில்லை, தாள்தான் தேவை. அந்தத் தாளைக் கொடுத்தால் ஈரம் ஏறாது. அந்த வருடங்களில் அவர் சட்டம் போட்ட படம் ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு தாள் போயிருக்கும் என்றார். அவர் வேலையை அடையாளம் காண்பது எளிது. பக்கத்துக்கு நாலு பித்தளை ஆணி, எண்ணி நாலு.

அன்றிலிருந்து எனக்குப் பைத்தியம் பிடித்தது. சூறாவளிக்குப் பிறகு ஊரே உடைந்ததை ஒட்டிக்கொண்டிருந்த காலம். நான் வீடு வீடாக ஏறினேன். மருதமுனை, நற்பிட்டிமுனை, கல்முனைக்குடி. உங்கள் மக்கத்துப் படத்தைக் கொஞ்சம் திருப்பிப் பார்க்கட்டுமா என்று கேட்டேன். நாலு ஆணி இருந்தால் புதுக் கண்ணாடி போட்டுத் தருவேன், புதுப் பின்பலகை போட்டுத் தருவேன், மேலே ஒரு சாரனும் கொடுப்பேன். எனக்கு வேண்டியது உள்ளே கிடக்கும் பழைய தாள் மட்டும். சில பேர் சிரித்துக்கொண்டே கழற்றித் தந்தார்கள். சில பேர், மக்காவைக் குப்புறப் போடவா என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். ஒருத்தி, முன்பக்கத்தைப் பார்க்க வேண்டிய வயதில் முதுகைப் பார்க்கிறாயே என்றாள். எனக்குப் பட்டப்பெயரே விழுந்தது, முதுகு பாக்கிறவள். வைத்துவிட்டுப் போகட்டும். மாவடிப்பள்ளியில் வயல் செய்துகொண்டிருந்த என் வீட்டுக்காரரிடமும் அங்குள்ளவர்கள் இதைச் சொல்லிச் சீண்டினார்களாம். அவர் ஒரு சொல் பேசாத மனிதர். அடுத்த வாரம் மாவடிப்பள்ளியிலிருந்து நாலு ஆணிப் படம் ஒன்றைச் சைக்கிளில் கட்டிக் கொண்டுவந்து இறக்கினார்.

நாலு வருடத்தில் பத்துத் தாள் கிடைத்தது. எல்லாம் எங்கள் நாட்டுப் படம் இல்லை. பனி மூடிய மலை ஒன்று, பாசி பிடித்த கோட்டை ஒன்று, எந்த நாட்டு ஆறோ ஒன்று. மற்றவை இங்கத்தையவை. கோப்பித் தோட்டத்துக்கு மேலே சிவனொளிபாதமலை, திருகோணமலைத் துறைமுகம், ஆலமரத்தடியில் ஒரு குளக்கட்டு. சிலது முழு நிறக் கல்லச்சு, சிலது இரண்டே கல்லில் அடித்தது. ஒன்று மட்டும் ஒரே கறுப்புக் கல்லில் அடித்து, மேலே தூரிகையால் நிறம் பூசியது. அதைக் கண்ணாடி வைத்துப் பார்க்காமல், என் திமிரில், முதலாவதைப் போலவே தண்ணீரில் போட்டேன். தூரிகை நிறம் பசை மை இல்லை. வானம் முழுவதும் கிணற்றடி வாய்க்காலில் ஓடிப்போனது. பத்து ஒன்பதானது அப்படித்தான்.

அந்த ஒன்பதில் கடைசியாக வந்தது ஓதிக்கொடுக்கும் ஆலிம் ஒருவரின் வீட்டிலிருந்து. ஆயத்துல் குர்ஸி என்ற குர்ஆன் வசனம் எழுதிய சட்டத்தின் முதுகில் நாற்பது வருடம் போல இருந்திருக்கிறது. ஆற்றுமுகம், சாய்ந்த தென்னைகள், கரையில் பொதி ஏற்றிய அஞ்சு மாடு. மாடுகளுக்கு முன்னால் ஒரு மனிதன். மொட்டைத் தலையில் துணித் தொப்பி, முழங்காலுக்கு மடித்துக் கட்டிய சாரன், கையில் கம்பு. பொதிமாடு ஓட்டி ஊர் ஊராக உப்பும் கருவாடும் கொண்டுபோன எங்கள் ஆள். படத்தின் கீழே ஊர் பெயர் எழுதிய விளிம்பைச் சட்டக்காரர் வெட்டிவிட்டார். புத்தளமாக இருக்கலாம் என்று பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் சொன்னார். இருக்கலாம். கல்லாற்று முகத்துவாரமாகவும் இருக்கலாமே. எனக்கு அந்த மனிதனின் நிற்பைத் தெரியும். எங்கள் வாப்பாவும் அப்படித்தான் ஒரு காலில் பாரத்தைப் போட்டு நிற்பார்.

ஒன்பதையும் கண்ணாடி போட்டு முன் அறைச் சுவரில் மாட்டினேன். அந்தச் சுவரைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை நகராது. எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்கு. கலியாணம் முடித்தால் ஆண்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்கு வருவான். அந்த வீட்டைக் கட்டித் தருவது வாப்பாவும் சகோதரன்மாரும். வாப்பா இல்லை. சூறாவளி வீட்டை எடுத்தபோது எனக்கு இருந்தது ஒரேயொரு தம்பி. அவன் அடுத்த வருடமே சவூதிக்குப் போனான். அவன் வெயிலில் கொத்திய காசில்தான் என் சுவர் எழும்பியது. வீடு என் பேரில். சுவர் அவன் முதுகில்.

எண்பத்திரண்டில் அவன் திரும்பி வந்து சாய்ந்தமருதில் கலியாணம் முடித்தான். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து எங்கள் வீட்டுக்கு வருவான், எல்லோரும் ஒரே சஹன் தட்டைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவோம் என்று உம்மா நாள் எண்ணிக்கொண்டிருந்தா. முதல் வெள்ளி வந்தான். முன் அறையில் நின்று சுவரைப் பார்த்தான். ஒவ்வொரு படமாகப் பார்த்தான். பிறகு மெதுவாகச் சொன்னான், இவற்றில் மனிதரும் மிருகமும் இருக்கின்றன, உருவப்படம் மாட்டிய வீட்டுக்குள் ரஹ்மத்துடைய மலக்குமார் வரமாட்டார்கள், இறக்கிவிடுங்கள் ராத்தா. தமக்கையை நாங்கள் ராத்தா என்போம், வானவர்களை மலக்குமார் என்போம். அவன் அதட்டவில்லை. அதட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

நான் இறக்கமாட்டேன் என்றேன். நாற்பது வருடம் மக்காவுக்கும் ஆயத்துல் குர்ஸிக்கும் பின்னால் இவை இருந்தனவே, அப்போது அந்த வீடுகளுக்கு மலக்குமார் வரவில்லையா என்று கேட்டேன். மறைந்து கிடப்பது வேறு, மாட்டி வைப்பது வேறு என்றான். அதற்காக நான் வாயை மூடுகிறவளா? என் சுவர் என்றேன். அவன் தன் உள்ளங்கைகளைப் பார்த்தான். அந்தப் பார்வைக்காக அவன் மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை.

அவன் சாப்பிடாமல் போனான். அடுத்த வெள்ளி வந்தான், முற்றத்தில் நின்று உம்மாவைப் பார்த்துவிட்டுப் போனான். அதற்கடுத்த வெள்ளி வாசலுக்கு வெளியே சைக்கிளில் இருந்தபடியே ஸலாம் சொல்லிவிட்டுப் போனான். உம்மா சஹனை எடுத்து வைப்பா, பிறகு எடுத்துக் கழுவி வைப்பா. படத்தை இறக்கினால் நான் என் கண்ணில் ஒன்றுமில்லாதவள் ஆகிவிடுவேன். இறக்காவிட்டால் எனக்கு இருக்கிற ஒரேயொரு தம்பி வாசலோடு போய்விடுவான். நெசவில் கை ஓடவில்லை. கட்டம் போட்ட சாரனில் கட்டம் தப்பியது. அதற்கும் அவனையே ஏசினேன்.

நாலாவது வெள்ளி நான் தெருவுக்கே இறங்கிப் போய்ச் சைக்கிளைப் பிடித்தேன். முகம் இல்லாதது உருவமா என்று கேட்டேன். யோசித்தான். முகம் இல்லாவிட்டால் குற்றமில்லை என்றுதான் ஓதியிருக்கிறேன் என்றான். அப்படியென்றால் உள்ளே வா என்றேன். ஒன்பது படத்தையும் இறக்கிப் பாயில் வரிசையாக வைத்தேன். நூலெண்ணும் கண்ணாடியை அவன் கையில் கொடுத்தேன்.

"இதுகள்ல ஒரு கண்ணக் காட்டு. ஒரேயொரு கண். காட்டினா என்ட கையாலயே சுரண்டுறன். இல்லெண்டா இனி இந்தச் சுவரப் பத்தி நீ வாய் திறக்கப்படாது."

ஓம் என்றான். குனிந்தான். எனக்குப் பயமில்லை. நாலு வருடமாக அந்தத் தாள்களைக் கண்ணாடியில் மேய்ந்தவள் நான். கல்லச்சில் தூரத்து மனிதன் என்றால் மூன்று புள்ளிதான், உடம்புக்குச் சிவப்பு, துணிக்கு வெள்ளை, தலைக்குக் கறுப்பு. திருகோணமலைத் துறைமுகத்து ஆட்கள் எல்லோரும் புள்ளி. குளக்கட்டில் நின்ற யானை ஒரு சாம்பல் கறை. அவன் அவசரப்படவில்லை. கண்ணாடியை அங்குலம் அங்குலமாக நகர்த்தினான். உம்மா சமையற்கட்டு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தா. எட்டுப் படம் முடிந்தது. எட்டிலும் கண் இல்லை. தம்பியின் முகத்தில்கூட ஒரு சந்தோசம் தெரிந்த மாதிரி இருந்தது. அவனுக்கும் சஹனில் உட்கார ஆசை.

ஒன்பதாவதில் மாடுகள் தலையைத் தண்ணீருக்குள் விட்டுக் குடித்துக்கொண்டிருந்தன. அவை தப்பின. பிறகு கண்ணாடி மனிதனிடம் வந்து நின்றது. அந்த மனிதனை வரைந்தவன் கிட்டத்தில் வைத்து வரைந்துவிட்டான். பயறு அளவுக்கு முகம். மூக்கின் நிழல் ஒரு கோடு. அதன் இரண்டு பக்கமும், கடைசிக் கறுப்புக் கல் இட்ட இரண்டு புள்ளி. இது எனக்குத் தெரியாதா? தெரியும். வானத்தையும் மலையையும் கண்ணாடி வைத்து அத்தனை தரம் பார்த்த நான், அந்த முகத்தைக் கண்ணாடி வைக்காமலே அத்தனை தரம் பார்த்திருக்கிறேன். அவனை என் ஆளாகவே வைத்துக்கொண்டதில், அவனுக்குக் கண் இருப்பதை ஒரு கணக்காக நான் எடுக்கவே இல்லை. பந்தயம் பேசிய வாய்க்கு அது நினைவு வரவில்லை.

"இரிக்கி ராத்தா" என்றான்.

சவர பிளேட் ஒன்றைக் கொண்டுவந்தேன். சட்டத்தைக் கழற்றித் தாளை மட்டும் பாயில் வைத்தேன். பிளேட்டின் மூலையால் மெல்லச் சுரண்டினேன். கறுப்பு, தூளாக எழும்பி வந்தது. நூறு வருடத்துக்கு மேல் ஒட்டிக்கிடந்த மை, ஊதினால் பறக்கிற தூளாகப் போனது. எனக்குக் கண்ணீர் வந்தது. துக்கத்தில் இல்லை, ஆத்திரத்தில். தம்பி பக்கத்தில் குந்தியிருந்தான். முதலாவது கண் போனதும் என் கையைப் பிடித்தான்.

"போதும் ராத்தா. விடுங்க."

"நான் வாக்குத் தந்தவள். நீ பேசாம இரி."

இரண்டாவதையும் சுரண்டினேன். அவனுக்காக இல்லை. கொடுத்த வாக்குக்காகக்கூட இல்லை என்றுதான் இப்போது நினைக்கிறேன். விட்டுவிடு என்று அவன் இரக்கப்பட்டதை என்னால் ஏற்க முடியவில்லை. சட்டத்தைப் பூட்டி ஒன்பதையும் பழைய இடத்தில் மாட்டினேன். இனி நீ சுவரைப் பற்றிக் கதைக்கக்கூடாது என்றேன். அவன் தலையை ஆட்டினான். அன்று சாப்பிட்டான். உம்மா அழுதுகொண்டே கறியைப் பிசைந்து வைத்தா. ஆனால் அவன் அந்தப் படத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தான். அதற்குப் பிறகு ஒவ்வொரு வெள்ளியும் அப்படித்தான். நானும் விடவில்லை. கறிக்கு உப்புப் போதாது என்று சொன்னால்கூட, கண் தெரியாமல் போட்டுவிட்டேன் என்பேன். இரண்டு வருடம் குத்தினேன். அவன் தாங்கிக்கொண்டான். அந்த இடத்தில் கண்ணாடி வைத்துப் பார்க்க மட்டும் எனக்கு மனம் வரவே இல்லை.

எண்பத்து நாலில், யுத்தம் முற்றாமல் பயணம் போக இன்னும் பாதை திறந்திருந்த நாளில், கொழும்பிலிருந்து ஒருவர் வந்தார். பழம்பொருள் கடைக்காரர். என் சாரன்களை எடுக்கும் வியாபாரி சொல்லி வந்தவர். அன்றும் வெள்ளிக்கிழமை, சஹன் வைத்திருந்தது, தம்பி தன் வழமையான இடத்தில் இருந்தான். எத்தனை கல் என்று நான் முதலாவது படத்தைக் காட்டிக் கேட்டேன். இந்த மாதிரிப் படம் எட்டிலிருந்து பத்துக்குள் வரும் என்றார், கிட்டப் போய்ப் பார்க்காமலே. அந்தப் பதிலோடு அவர் மேல் எனக்கிருந்த மரியாதை பாதியாகக் குறைந்தது.

ஆனால் ஒன்பதாவதுக்கு வந்ததும் மனிதர் நின்றுவிட்டார். மற்ற எட்டையும் வேறு இடங்களில் கண்டிருப்பதாகவும், இதை முப்பது வருடத் தொழிலில் கண்டதே இல்லை என்றும் சொன்னார். மூக்குக்கண்ணாடியை மாற்றிக்கொண்டு கிட்டப் போனார். இதை யார் செய்தது என்று கேட்டார்.

"நான்" என்றான் தம்பி, சஹனிலிருந்து எழும்பாமல்.

"பொய். நான்தான். என்ட கை" என்றேன் நான்.

நான் சொல்லித்தான் ராத்தா செய்தா என்றான் அவன். அவன் போதும் என்று கையைப் பிடித்தும் விடாமல் செய்தவள் நான் என்றேன் நான். கொழும்புக்காரர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு வழக்கு விளங்கவில்லை. ஆனாலும் கவலைப்பட வேண்டாம் என்றார். இதைத் திருத்துகிற கைகாரர்கள் இருக்கிறார்கள், மயிர் நுனித் தூரிகையால் கண்ணைத் திரும்ப வைத்துவிடுவார்கள், யாராலும் கண்டுபிடிக்க முடியாது, ஒன்பதையும் நானே எடுத்துக்கொள்கிறேன் என்றார்.

ஒரு கணம் எனக்குள் ஆசை எழும்பியது. இல்லை என்று சொல்லமாட்டேன். அந்த முகத்தைத் திரும்பக் கண்ணோடு காண வேண்டும் என்று இரண்டு வருடமாகத் தவித்தவள் நான். ஆனால் யாரோ வைக்கிற கண் அவன் கண் ஆகுமா? நான் சுரண்டினது சுரண்டினதுதான். அதை மறைத்து, ஒன்றும் நடக்காத மாதிரி ஆக்கி, எவனோ ஒருவனுடைய ஹோட்டல் சுவரில் மாட்டவா? மற்ற எட்டும் வெள்ளைக்காரன் செய்து முடித்த படம், இதில் எங்கள் வீட்டுச் சண்டையும் இருக்கிறது, இதற்கு இனி யாரும் கை வைக்க வேண்டாம் என்று சொன்னேன். மற்ற எட்டையும் கொடுப்பதாக இல்லை என்றேன். சோறு சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னேன். அவருக்கு மனத்தாங்கல். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டார்.

அவர் படலையைச் சாத்திய சத்தம் கேட்டது. தம்பி எழும்பிக் கையைக் கழுவினான். அந்த நூலெண்ணும் கண்ணாடியைத் தாருங்கள் என்றான். நான் கொடுத்தேன். வாங்கை இழுத்துப் போட்டு ஏறி, இரண்டு வருடமாக முதுகு காட்டிய படத்துக்கு நேரே நின்றான். படத்தின் மேல் அதை வைத்துக் குனிந்தான். உம்மா சோறு ஆறுகிறது என்றா. அவனுக்குக் கேட்கவில்லை.

"இன்னும் பாத்துக்கொண்டுதான் இரிக்கான்" என்றான்.

அவனை இறக்கிவிட்டு நான் ஏறினேன். அவன் சொன்னது சரி. பிளேட் கறுப்பைத்தான் எடுத்திருந்தது. அதன் கீழே இருந்த தவிட்டு நிறமும் போயிருந்தது. ஆனால் எல்லாவற்றுக்கும் முதலில் இட்ட மங்கல் மஞ்சள், முதலாவது கல்லின் நிறம், தாளுக்குள்ளே இறங்கிப் படிந்துவிட்டது. அதை என்னால் எடுக்க முடியவில்லை. கறுத்த முகத்தில் இரண்டு வெளிறிய புள்ளி. முன்பு ஆற்றைப் பார்த்து நின்றவன், இப்போது எங்களைப் பார்த்து நின்றான்.

வாங்கிலிருந்து இறங்கினேன். வாக்கு வாக்குத்தான். தம்பியின் முகத்துக்கு நேரே கேட்டேன்.

"பிளேட்டை எடுக்கட்டா?"

அவன் பாய்க்குப் போனான். தன் பழைய இடத்தில் உட்காராமல், சுற்றி வந்து எதிர்ப்பக்கத்தில், சுவரைப் பார்த்தபடி, சஹனுக்கு முன்னால் காலை மடித்து உட்கார்ந்தான்.

"பாக்கட்டும்" என்றான். "சோத்தப் போடுங்க, ராத்தா."